கணவருக்கு ஆயுள் தண்டனை என்றால் கல்யாணம் தானாக ரத்தாகிவிடுமா?

கேள்வி: 9 நவம்பர் 2024

என் கணவருக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை கொடுத்து 8 மாதம் ஆகிறது. ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை கிடைத்தாலே கல்யாணம் ரத்தாகிவிடும், கோர்ட்டுக்கே போக வேண்டாம், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். இந்து முறைத் திருமணம். ஒரு பையன், 4 வயது. அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 நவம்பர் 2024, இரவு

ரத்தாகாது தங்கச்சி. ஏழு வருடமில்லை, தூக்கே விதித்தாலும் தானாக ரத்தாகாது. கோர்ட்டில் தீர்ப்பு வாங்கும் வரை நீ அவர் மனைவிதான்.

நான் அனுபவப்பட்டவள். என் வீட்டுக்காரருக்கு 2019-ல் ஆயுள். நான் மனுப் போட்டது 2021 ஜூலை, தீர்ப்பு வந்தது 2023 நவம்பர்.

உங்கள் ஊரில் சொல்லும் ஏழு வருடக் கணக்கு ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட் என்ற 1954-ம் வருடச் சட்டத்தில் இருக்கிறது. ஏழு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தால், அதையே காரணமாகக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம். உங்கள் கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ணியிருந்தால் உங்களுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன். இந்து திருமணச் சட்டத்தில் சிறை என்கிற காரணமே கிடையாது. எனக்கு முதலில் அதை நம்ப முடியவில்லை. வக்கீல் சொன்னதும் புத்தகத்தை வாங்கி நானே 13-வது பிரிவை வரி வரியாகப் பார்த்தேன். நடத்தைக் கேடு, கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது, மதம் மாறியது, மனநோய், பால்வினை நோய், சந்நியாசம், ஏழு வருடமாக இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதது. எல்லாம் இருக்கிறது. சந்நியாசம் போனவனை விடலாம், ஜெயிலுக்குப் போனவனை விட வழி எழுதி வைக்கவில்லை.

10 நவம்பர் 2024

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. இங்கே ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வதுதான் சரி.

ரிஜிஸ்டர் பண்ணியதாலேயே அது ஸ்பெஷல் மேரேஜ் ஆகிவிடாது. தமிழ்நாட்டில் 2009-ம் வருடச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் பதிவு செய்தே ஆக வேண்டும். கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டிவிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் அது இந்துத் திருமணம்தான். முன்கூட்டி நோட்டீஸ் ஒட்டி, 30 நாள் காத்திருந்து, அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு நடப்பதுதான் ஸ்பெஷல் மேரேஜ். சான்றிதழின் தலைப்பில் எந்தச் சட்டம் என்று போட்டிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். ஐயர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணமும் இந்து திருமணச் சட்டத்துக்குள்தான் வருகிறது. அண்ணா ஆட்சியில் 1967-ல் கொண்டுவந்த திருத்தம் அது. என்னுடையது அப்படித்தான் நடந்தது. ஆளுக்கொரு மாலை, அரை மணி நேரப் பேச்சு, சாப்பாடு.

ஸ்பெஷல் மேரேஜாகவே இருந்தாலும் அந்தத் தண்டனை இந்திய தண்டனைச் சட்டக் குற்றத்துக்கானதாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கொலை அதில் வந்துவிடும். கஞ்சா கேஸ் மாதிரி தனிச் சட்டத்தில் போட்ட தண்டனை என்றால் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

10 நவம்பர் 2024, மதியம்

பத்திரம் பற்றி எழுத மறந்துவிட்டேன்.

எங்கள் பக்கமும் அத்து விடுவது, தீர்த்து விடுவது எல்லாம் உண்டு. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வாங்கியதைக் கொடுத்து, வெற்றிலை மாற்றி முடித்துவிடுவார்கள். அறுத்துக் கட்டும், அதாவது தாலியை அறுத்துவிட்டு வேறு கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கம் உள்ள சாதிகளில் அது தலைமுறை தலைமுறையாக நடப்பது. இந்து திருமணச் சட்டமும் அந்த வழக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை, 29-வது பிரிவில் இடம் விட்டிருக்கிறது. ஆனால் பிற்பாடு யாராவது கேள்வி கேட்டால், எங்கள் சமூகத்தில் இந்த வழக்கம் காலங்காலமாக உண்டு என்பதை நீதான் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அந்தப் பத்திரம் வெறும் காகிதம். அதை நம்பி மறுகல்யாணம் செய்திருந்தால் அந்தக் கல்யாணமும் செல்லாது, பிறந்த பிள்ளைக்கும் சிக்கல். உனக்குச் சின்ன வயசு. பத்திரத்தோடு நின்றுவிடாதே.

14 நவம்பர் 2024

சீசன் நேரம். காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன், சிவகாசி. ஆடிப்பதினெட்டுக்கு ஆல்பம் வெளியிட்டால் அதிலிருந்து மார்கழி வரை மூச்சுவிட நேரமிருக்காது. கேள்விகளுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பதில் போடுகிறேன்.

17 நவம்பர் 2024

"கைவிட்டார் என்று போட முடியாதா, உள்ளே போய் வருடக்கணக்கில் ஆகிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள். என் அண்ணனும் இதைத்தான் கேட்டான். முடியாது என்றுதான் என் வக்கீல் சொன்னார். கைவிடுவது என்றால் விட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் இருக்க வேண்டும். ஜெயிலில் இருப்பவன் வர முடியாமல்தானே இருக்கிறான்? கதவைத் திறந்துவிட்டால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவான்.

அப்போது மிச்சமிருப்பது கொடுமை. 13(1) உட்பிரிவு ஐ-ஏ. அடி உதை மட்டும்தான் கொடுமை என்று நினைக்க வேண்டாம். மனசுக்குச் செய்வதும் கொடுமைதான் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கணவன் கொலை செய்து ஆயுள் தண்டனை பெற்றிருப்பதே மனைவிக்கு மனக்கொடுமைதான் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் குவாலியர் அமர்வு இந்த வருடம் 2024 ஆகஸ்டில் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. அந்த ஆள் கொன்றது பெற்ற தகப்பனை. கீழ்க் கோர்ட் அந்தப் பெண்ணுக்கு விவாகரத்துத் தர மறுத்து, மேலே போய்த்தான் கிடைத்தது. வேறு மாநிலத் தீர்ப்பு நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் உன் வக்கீல் அதை எடுத்துக் காட்டலாம். நான் வழக்கு நடத்தும்போது இது இல்லை.

இன்னொரு வழி பெண்களுக்கு மட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் கணவன் பலாத்காரக் குற்றம் செய்திருந்தால் 13(2)-ல் அதுவே நேரடிக் காரணம். டெல்லி நிர்பயா வழக்கில் 2020 மார்ச் 20 அன்று தூக்கிலிடப்பட்ட நாலு பேரில் ஒருவனுடைய மனைவி, தேதி நெருங்கியபோது பீகாரில் அவுரங்காபாத் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்டார். விதவையாக வாழ விரும்பவில்லை என்று சொன்னார். தூக்கைத் தள்ளிப்போடும் தந்திரம் என்று பலர் எழுதினார்கள். இருக்கலாம். எனக்கு அன்றைக்கு அந்தப் பெண்ணின் வார்த்தைதான் காதில் விழுந்தது. அப்போது நான் மாதம் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். விதவையும் இல்லை, வாழாவெட்டியும் இல்லை, சுமங்கலியும் இல்லை.

17 நவம்பர் 2024, இரவு

முஸ்லிம் பெண்களுக்கு 1939-ம் வருடச் சட்டத்தில் ஏழு வருடத் தண்டனை ஒரு காரணம். தண்டனை இறுதியாகியிருக்க வேண்டும், அதாவது அப்பீல் நிலுவையில் இருக்கக் கூடாது. கிறிஸ்தவர்களுக்கும் ஏழு வருட விதி உண்டு என்று இங்கே ஒருவர் எழுதியிருப்பது சரியில்லை. 2001-ல் திருத்திய பிறகும் அவர்கள் சட்டத்தில் சிறை ஒரு காரணமாக இல்லை. அவர்களும் நம்மைப் போலக் கொடுமை என்றுதான் போக வேண்டும்.

24 நவம்பர் 2024

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "உள்ளே கிடக்கிறவனுக்கு வெளியே ஒரே பிடி பொண்டாட்டிதான். கஷ்டத்தில் விட்டுட்டுப் போறவ என்ன பொம்பளை." அவருடைய தம்பி உள்ளே இருக்கிறாராம். அவர் வலி எனக்குத் தெரியும். என் மாமியார் இதே வார்த்தையை என் வாசலில் நின்று சொன்னார்.

நான் ஐந்து வருடம் போனேன் ஐயா. 2016 மே மாதம் வரப்புத் தகராறு, பங்காளி, அரிவாள். அன்று என் மகளுக்கு மூன்று வயசு. அன்றிலிருந்து ரிமாண்டில் இருந்தபோதும் போனேன், ஜாமீனில் வந்தபோது சோறு போட்டேன், தண்டனையான பிறகும் போனேன். காலை நாலரை பஸ்ஸைப் பிடித்து, ஆதார் நகல் எடுத்து, மனுப் போட்டு, பெயர் கூப்பிடும் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து, உள்ளே போனால் வலைக்கு அந்தப் பக்கம் அவர், நடுவில் ஒரு முழம் இடைவெளி, இந்தப் பக்கம் இன்னொரு வலை, நாங்கள். முப்பது குடும்பம் ஒரே நேரத்தில் கத்தும். அப்பா என்ன சொன்னார் என்று என் மகள் என்னைக் கேட்பாள், எனக்கும் கேட்டிருக்காது. ஏதாவது ஒன்றை நானாகச் சொல்லி வைப்பேன். கொரோனா வந்து மனு நிறுத்தி வீடியோ காலில் பேச விட்டபோதுதான் அவர் குரலைச் சரியாகக் கேட்டாள்.

எங்கள் பக்கம் ஜெயிலில் போய்ப் பார்ப்பதற்கும் மனு என்றுதான் பெயர், கோர்ட்டில் போடுவதும் மனு. வழக்குப் போட்ட பிறகு என் மகள் காலையில் கேட்பாள்: "இன்னைக்கு ஜெயில் மனுவாம்மா, கோர்ட் மனுவாம்மா?" அம்மாவும் நானும் சிரித்துவிடுவோம். வேறென்ன செய்ய.

போனதற்குக் கணக்குக் காட்டவில்லை. போகிறவளுக்கும் ஒரு நாள் நிற்கும் நேரம் வரலாம். அதை வெளியே இருந்து பார்ப்பவர்கள் அளக்க முடியாது.

1 டிசம்பர் 2024

கேள்வி கேட்ட தங்கச்சி தனியாகக் கேட்டிருக்கிறாள்: பரஸ்பர சம்மதம் முடியுமா என்று. அவர் ஒத்துக்கொண்டால் அதுதான் நல்லது. இந்து திருமணச் சட்டத்தில் 13-பி பிரிவு. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவில் ஆறு மாதம். நிலைமையைப் பார்த்து அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்ளே இருப்பவர் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு, சிறைக் கண்காணிப்பாளர் சான்றொப்பம் வைத்தால் போதும், வக்கீல் ஆஜராகலாம். சம்மதத்தை நேரில் கேட்க வேண்டுமென்றால் வீடியோ கான்பரன்சில் கேட்கிறார்கள்.

என் ஆள் ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னும் நாலு வருஷம். அண்ணா பிறந்தநாளுக்கு விட்டுருவாங்க" என்றார். அது வீண் நம்பிக்கையும் இல்லை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக 2018-ல் பத்து வருடம் முடித்த ஆயுள் கைதிகளை விடச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. அது உள்ளே ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அதனால் அவர்கள் கணக்கில் நாம் காத்திருக்க வேண்டியது கொஞ்ச காலம்தான். வெளியே அதே காலத்தில் ஒரு பிள்ளை எல்.கே.ஜி.யிலிருந்து எட்டாம் வகுப்புக்குப் போய்விடும்.

1 டிசம்பர் 2024, இரவு

எங்கே போடுவது: நீ இப்போது குடியிருக்கும் ஊர்க் குடும்ப நல நீதிமன்றத்திலேயே போடலாம். 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவிக்கு அந்த வசதி. சம்மன் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அவருக்குப் போகும்.

செலவு: வக்கீல் வைக்கப் பணமில்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போ. பெண் என்றாலே இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்று கேட்கக் கூடாது. காவலில் இருப்பவருக்கும் உண்டு, ஆகவே அவருக்கு வக்கீல் இல்லை என்று வழக்கு நிற்காது. 15100-க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

15 டிசம்பர் 2024

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

என் முதல் வக்கீல் மனுவைத் தயாரித்துக் கையெழுத்து வாங்கினார். பதினோரு பக்கம். நான் வேலைக்கு நேரமாகிறது என்று மேலோட்டமாகப் பார்த்துப் போட்டுவிட்டேன். ஏழாவது பத்தியில் இப்படி இருந்தது: எதிர்மனுதாரர் தினமும் குடித்துவிட்டு மனுதாரரை அடித்துத் துன்புறுத்துவார், 25 பவுன் நகை கேட்டுச் சித்திரவதை செய்வார். ஒன்றுமே நடக்கவில்லை. என் அப்பா போட்டதே 9 பவுன். அவர் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை, கை நீட்டியதும் இல்லை. வக்கீலிடம் கேட்டேன். "ஜெயில்ல இருக்கார்னு மட்டும் சொன்னா சட்டத்துல காரணமே இல்லம்மா. இதெல்லாம் போட்டாத்தான் நிக்கும். எல்லாரும் போடுறதுதான்." நானும் விட்டுவிட்டேன்.

விசாரணை வந்தது. அதற்கு முன் ஒன்பது வாய்தா, வழிக்காவலுக்கு ஆள் இல்லை என்று அவரைக் கூட்டிவராமலே போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அரைநாள் சம்பளம் போகும். பத்தாவது தடவை கூட்டிவந்தார்கள். வேட்டி சட்டை, பக்கத்தில் இரண்டு போலீஸ். தலை பாதி நரைத்திருந்தது. குறுக்கு விசாரணையில் அவர் பக்கத்து வக்கீல், சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து வந்த சின்னப் பையன், அந்த ஏழாவது பத்தியை வாசித்தார். அப்போது இவர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "நான் ஒன்னைய அடிச்சேனா புள்ள? சொல்லு."

நீதிபதி அவரை அமைதியாக இருக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, பதில் சொல்லுங்கள் என்றார்.

அடிக்கவில்லை என்றேன். நகை கேட்கவில்லை என்றேன். என் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார், என் காதில் ஏறவில்லை. அப்புறம் நான் நிறுத்தவே இல்லை. எது உண்மையோ அதைச் சொன்னேன். ஐந்து வருடத்தில் மூன்று வீடு மாறியது, கொலைகாரன் பொண்டாட்டிக்கு வீடு கிடையாது என்று முன்பணத்தைத் திருப்பித் தந்தது, பள்ளியில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் ஒவ்வொரு வருடமும் என்ன எழுதுவது என்று உட்கார்ந்திருந்தது, ராத்திரி நாய் குரைத்தால் அந்தக் குடும்பத்து ஆட்கள் பழிக்கு வந்துவிட்டார்களோ என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனது. அரிவாளை எடுக்கும்போது வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று நினைத்தாரா என்று கேட்டேன். வரப்பு ஒன்றரை அடி. அதற்காக எங்களை விட்டார். அது கைவிட்டதில் வராது என்று சட்டம் சொன்னால் சரி, எனக்கு அது கொடுமைதான் என்றேன்.

வெளியே வந்ததும் வக்கீல் கேஸைக் கெடுத்துவிட்டாய் என்று திட்டினார். அடுத்த மாதம் வேறொரு அம்மாவை வைத்துக்கொண்டேன்.

கேஸ் கெடவில்லை. ஏழாவது பத்தியை நான் கைவிட்டதைத் தீர்ப்பில் குறிப்பிட்டு, மீதியை நம்பத் தகுந்தது என்று எழுதி விவாகரத்துக் கொடுத்தார்கள்.

தங்கச்சி, மனுவை ஒவ்வொரு வரியாகப் படி. நடக்காததை எழுதவிடாதே. சட்டத்தில் ஓட்டை இருப்பதால் பொய்யை வைத்து அடைக்கிறார்கள். உனக்கு நடந்ததே போதும். என்ன தேதி, எந்த வீடு, யார் என்ன சொன்னார்கள் என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதி வை. நான் தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அதுதான் கூண்டில் நிற்கும்போது கைகொடுத்தது.

22 டிசம்பர் 2024

பத்திரிகைகளில் "மீட்க முடியாதபடி முறிந்த திருமணம்" என்று ஒரு காரணம் வருகிறதே, அதைப் போடலாமா என்று கேட்டவருக்கு: அது சட்டத்தில் இல்லை. உச்ச நீதிமன்றம் மட்டும் தன் தனி அதிகாரத்தில் அப்படிக் கொடுக்கலாம் என்று 2023 மே 1-ல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அதைக் கீழ்க் கோர்ட்டுகளிலும் போடுவதற்கான சட்டத் திருத்தம் பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. வந்திருந்தால் ஏழாவது பத்திகள் பாதி குறைந்திருக்கும்.

5 ஜனவரி 2025

மனைவி சிறையில் இருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உங்களுக்கும் கொடுமை என்ற அதே பிரிவுதான் தம்பி, 13(2) மட்டும் கிடையாது. பெண் உள்ளே போனால் அவளைப் பார்க்க யாரும் வருவதில்லை என்று அங்கே பார்த்திருக்கிறேன். ஆண்கள் பக்கம் திருவிழாக் கூட்டம், பெண்கள் பக்கம் நாலைந்து பேர், அதுவும் வயசான தாய்மார். நீங்கள் இன்னும் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். அவர் அப்பீல் எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இதைத் திரும்பப் படித்தால், பெண்ணுக்கு ஒரு நியாயம் ஆணுக்கு ஒரு நியாயம் சொல்கிறேனோ என்று தோன்றுகிறது. அப்பீலைப் பாருங்கள் என்பது எல்லாருக்கும்தான். என் அவருக்கு மதுரைக் கிளையில் அப்பீல் தள்ளுபடியான பிறகுதான் நான் வக்கீலிடமே போனேன். ஒருவேளை விடுதலையாகியிருந்தால்? தெரியவில்லை.

இல்லை, தெரியும். அதை அடுத்துச் சொல்கிறேன்.

12 ஜனவரி 2025

நான் நின்றது அவர் கொலை செய்ததால் இல்லை. அதற்கப்புறமும் ஐந்து வருடம் போனேனே.

2021 பிப்ரவரி, மனு. இறந்தவருக்கு ஒரு தம்பி உண்டு. அவரைப் பற்றி நான் ஏதோ சொன்னேன், ரேஷன் கடையில் பார்த்தேன் என்று. இவர் வலையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே, "அவன் பாக்கி இருக்கான். வந்து பாத்துக்குறேன்" என்றார். அன்றைக்கென்று கூட்டம் குறைவு, தெளிவாகக் கேட்டது. மகளுக்கும் கேட்டது.

இறந்தவரின் மனைவி எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். எனக்கு அக்கா முறை. அந்த அக்கா என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது நியாயம். அவருக்கும் இரண்டு பிள்ளைகள், தகப்பன் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு, நான் யாருக்காகச் சோறு கட்டிக்கொண்டு போகிறேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். விடுதலையாகி வந்திருந்தாலும் அந்த வார்த்தையோடுதானே வந்திருப்பார்.

கோர்ட்டில் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் பதிவாகும், அவர் விடுதலைக்கே உலை வைக்கும் என்று விழுங்கிவிட்டேன். பொய்யைக் கைவிட்ட அதே கூண்டில் இந்த உண்மையையும் விட்டுவிட்டேன்.

13 ஜனவரி 2025

மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறீர்கள், கேட்க வேண்டியதுதான். "அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து என்று தெரிந்தும் மறைத்தாயா?"

மறைத்தேன், கிட்டத்தட்ட மூன்று வருடம். தீர்ப்பு வந்து கொஞ்ச நாளில், அவரை லீவில் விடுவது பற்றி விசாரிக்க நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்தார். என்னையும் கேட்டார். அவரிடம் சொன்னேன், வார்த்தை மாறாமல். எழுதிக்கொண்டார். அந்தக் கடன் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். முதல் நாளே சிறை நல அலுவலரிடம் சொல்லியிருக்கலாம், மனு அறையிலிருந்து இருபது அடிதான். அந்தக் கோபம் பேச்சோடு போகிறதா நிஜமா என்று அவர்களாவது உட்கார்த்திப் பேசியிருப்பார்கள்.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு அம்மா வீட்டில் இருந்தேன். தாலியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

தீர்ப்பு வந்த அன்று கழற்றவில்லை. மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை மறுகல்யாணம் கூடாது என்று வக்கீலம்மா சொன்னதை, தாலியும் அதுவரை இருக்க வேண்டும் என்று அம்மா புரிந்துகொண்டார். சரி என்று இருந்தேன். காலம் முடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று அம்மா, செவ்வாய் வேண்டாம் என்று சித்தி. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது நானே கழற்றி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. மகள் காலேஜ் போகும்போது விற்போம்.

பொட்டும் பூவும் விடவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார், நானும் உயிரோடு இருக்கிறேன்.

2 பிப்ரவரி 2025

சொத்து. இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். ஜெயிலில் இருப்பவரிடம் என்ன வாங்க முடியும் என்று நிரந்தர ஜீவனாம்சம் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அவர் பெயரில் நிலமோ வீடோ இருந்தால் அதன் மேலேயே பொறுப்பு ஏற்றி உத்தரவு போட இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவில் இடமுண்டு. என் வக்கீலம்மா கேட்டு வாங்கினார். அந்த 40 சென்ட்டை அவர் அண்ணன் இனி விற்க முடியாது.

விவாகரத்து ஆனால் மனைவி என்ற வாரிசுரிமை போய்விடும். பிள்ளையின் உரிமை போகாது. உன் பையன் அவருக்கு முதல் நிலை வாரிசுதான், எப்போதும். இதை மாமியார் வீட்டில் மாற்றிச் சொன்னால் நம்பாதே. பிள்ளை யாரிடம் என்பதையும் அதே வழக்கில் 26-வது பிரிவில் கேட்டுக்கொள்.

9 மார்ச் 2025

மகள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றாள். பதினோரு வயசு. அவளைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன், வேறு மாதிரி நினைப்பவர்களோடு சண்டை போடவும் தெம்பு இல்லை. மாமியாரிடம் போன் போட்டேன், தீர்ப்புக்கு அப்புறம் முதல் தடவை. அவர்தான் மனுப் போட்டார். உறவு என்ற இடத்தில் தாய், மகள் என்று இரண்டு பெயர். நான் வெளியே அதே வேப்பமரத்தடியில்.

முக்கால் மணி நேரத்தில் வந்தாள். இப்போது வலை இல்லையாம், கண்ணாடி வைத்துப் போனில் பேசுகிறார்களாம். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் அவளே சொன்னாள்: "கணக்குல எவ்வளவு மார்க்குன்னு கேட்டாரும்மா. இந்தத் தடவை எல்லாமே கேட்டுச்சு."

16 மார்ச் 2025

தங்கச்சி மனுத் தாக்கல் செய்துவிட்டதாக எழுதியிருக்கிறாள். எண் போட்டாயிற்றா? எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண மனு) என்று தொடங்கி ஒரு எண் கொடுப்பார்கள், கூடவே வழக்கை இணையத்தில் தேட 16 எழுத்தில் ஒரு சி.என்.ஆர். எண். அதை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் வாய்தா தேதி வீட்டிலிருந்தே தெரியும், சும்மா போய்த் திரும்ப வேண்டாம். செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு இப்போதே விண்ணப்பம் கொடு. எனக்கு அது கைக்கு வரவே நாலு மாதம் ஆனது. முதல் வாய்தாவுக்குப் பையனைக் கூட்டிப் போகாதே. போலீஸோடு அவரைக் கூட்டிவந்தால் பிள்ளை பார்க்க வேண்டியிருக்கும்.

மனுவில் எத்தனை பத்தி? படித்தாயா?